மைனர் எடுக்கலாமா? முதலில் பாடங்களை எண்ணிப் பாருங்கள்

டிகிரி படிக்கும் பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் மைனரை (முதன்மைப் பாடமான மேஜரோடு கூடவே இன்னொரு துறையில் சில பாடங்கள் படிப்பது) பற்றிக் கேட்டால் பொதுவாக இரண்டு பதில்தான் வரும். "மைனர் ஒண்ணு போட்டு வச்சா ரெண்டு டிகிரி மாதிரி, வேலைக்கு நல்லது" என்பது ஒன்று. "அதெல்லாம் சும்மா, யாரும் பார்க்க மாட்டாங்க" என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும் அடித்துச் சொல்லும். ஆனால் அந்த மைனருக்கு எத்தனை பாடம், அதில் எத்தனை ஏற்கெனவே மேஜரில் இருக்கிறது, எது எந்த செமஸ்டரில் நடக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. மைனரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதால் வரும் குழப்பம் இது. பாடங்களை எண்ண ஆரம்பித்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த எண்ணிக்கையை எப்படிப் போடுவது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. கிரெடிட் என்றாலே என்னவென்று தெரியாதவர்களும் படிக்கலாம்.

பெட்டியில் எவ்வளவு இடம்?

விமானத்தில் போகப் பெட்டி கட்டுகிறீர்கள். இவ்வளவு கிலோதான் என்று வரம்பு இருக்கிறது. கட்டாயம் எடுத்துப்போக வேண்டியவை முதலில் உள்ளே போகும். அதற்கப்புறம் மிச்சமிருக்கும் எடைக்கு எதை வைப்பது என்பது உங்கள் இஷ்டம். கண்டதையும் கொஞ்சம் கொஞ்சம் வைக்கலாம், அல்லது ஒரே வகைப் பொருளாக, புத்தகங்களாக மட்டும், அடுக்கலாம். டிகிரியும் இப்படி எடை பார்த்துக் கட்டிய பெட்டிதான். அங்கே கிலோவுக்குப் பதில் கிரெடிட்.

கிரெடிட் என்பது ஒரு பாடம் உங்கள் நேரத்தில் எவ்வளவைக் கேட்கிறது என்பதற்கான அளவு. அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டர் முழுக்க, ஏறத்தாழ 15 வாரம், வாரத்துக்கு 1 மணி நேர வகுப்பும் வெளியே 2 மணி நேரப் படிப்பும். இந்தியாவில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு, செய்முறை என்றால் 30 மணி நேரம். ஐரோப்பிய முறையில் வகுப்பு, படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஆகவே ஒரு நாட்டின் 30 கிரெடிட்டையும் இன்னொரு நாட்டின் 30 கிரெடிட்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. இணையத்தில் பலரும் செய்வது அதைத்தான்.

டிகிரிக்கு மொத்தம் எத்தனை? அமெரிக்காவில் நான்கு வருட டிகிரிக்கு வழக்கமாக 120. யுஜிசி கட்டமைப்பில் மூன்று வருடத்துக்கு 120, நான்கு வருடத்துக்கு 160. ஐரோப்பாவில் மூன்று வருட டிகிரிக்கு 180.

இந்த மொத்தத்தில் ஒரு பெரிய பங்கு உங்கள் முதன்மைப் பாடத்துக்குப் போகும். அதுதான் மேஜர். மொழி, சுற்றுச்சூழல், பொது அறிவியல் என்று எல்லா மாணவர்களும் படித்தாக வேண்டியவை இன்னொரு பங்கு. இரண்டும் போக, நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளக்கூடிய பாடங்களுக்கு எலெக்டிவ் என்று பெயர். பெட்டியில் மிச்சமிருக்கும் இடம் என்பது இந்த எலெக்டிவ்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: டிகிரிக்கு ஒரு மொத்த அளவு உண்டு, அதில் மேஜரும் கட்டாயப் பாடங்களும் போக மிஞ்சுவது எலெக்டிவ்.

மிச்ச இடத்துக்கு ஓர் ஒழுங்கு

அந்த மிச்ச இடத்தை ஒரே துறையின் பாடங்களால், அந்தத் துறை போட்டுக் கொடுத்த பட்டியல்படி நிரப்பினால், பல்கலைக்கழகம் அதற்கு ஒரு பெயர் சூட்டி உங்கள் பதிவில் எழுதித் தரும். அந்தப் பெயர்தான் மைனர். பொதுவாக ஐந்து முதல் ஏழு பாடம் வரை இருக்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில்கூட அந்தக் கணக்குதான்.

இப்படி ஓர் ஏற்பாடு எதற்கு வந்தது என்பதில் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. மேஜர், மைனர் என்ற சொற்கள் 1877-78ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பாட அட்டவணையில் வந்துவிட்டன. அதே காலத்தில் ஹார்வர்டில், 1869ல் தலைவராக வந்த சார்ல்ஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்துக்கொண்டே போய், மாணவர்கள் விரும்பியதைப் படிக்கட்டும் என்று விட்டார். சுதந்திரம் நல்லதுதான். ஆனால் பலர் எல்லாத் துறையிலும் அறிமுகப் பாடத்தை மட்டும் எடுத்துவிட்டு டிகிரி வாங்கிப் போனார்கள் என்ற குறை எழுந்தது. 1909ல் அவருக்கு அடுத்து வந்த லாரன்ஸ் லோவெல் ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று விதி போட்டார். மேஜர், மைனர் எல்லாமே இந்த இழுபறியின் பிள்ளைகள். மாணவரை அவர் விருப்பத்துக்கு விடவும் வேண்டும், அவர் படிப்பு சிதறிப் போகவும் கூடாது.

மைனர் உங்களுக்குத் தருவதும் அந்த ஒழுங்கைத்தான். எதற்கப்புறம் எதைப் படிப்பது என்று துறை தெரிந்தவர்கள் யோசித்து வைத்த வரிசை அது. ஒரு துறையில் நுழையும்போது எது அடிப்படை, எது அலங்காரம் என்று மாணவருக்குத் தெரியாது. பட்டியல் கையில் இருப்பது அந்த வகையில் பெரிய உதவி. ஆனால் பட்டியலைப் பார்த்துப் படிக்க மைனராகப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. இது நினைவிருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

மைனர் என்று தவறாக நினைக்கப்படுபவை

நம் ஊர்க் கலை அறிவியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு 'அலைடு' அல்லது 'ஆன்சிலரி' பேப்பர் நினைவிருக்கும். இயற்பியல் மேஜர் என்றால் கணிதம் அலைடு. அது மேஜருக்குத் துணையாகத் துறையே சேர்த்து வைப்பது. மைனர் மாணவர் தேர்ந்தெடுப்பது, மேஜரோடு தொடர்பே இல்லாத துறையாகக்கூட இருக்கலாம். வேதியியல் மாணவர் தத்துவத்தில் மைனர் எடுப்பதில் எந்த விநோதமும் இல்லை.

டபுள் மேஜர் என்பது வேறு. அதில் இரண்டு துறைகளின் முழு மேஜரையும் முடிக்க வேண்டும். மைனர் அதில் பாதிகூட வராது. யுஜிசி கட்டமைப்பில் மூன்று வருட டிகிரிக்கு மேஜர் குறைந்தது 60 கிரெடிட், மைனர் 24. நான்கு வருடத்துக்கு 80, 32. அரை டிகிரி என்று சொல்வது ரொம்ப அதிகம்.

மேஜருக்குள்ளேயே ஒரு கிளையை ஆழமாகப் படிப்பதற்கு ஸ்பெஷலைசேஷன் என்று பெயர். அதுவும் மைனர் இல்லை. பிரிட்டனில் 'பொருளாதாரத்துடன் பிரெஞ்சு' என்ற மாதிரி டிகிரியின் பெயரிலேயே இரண்டாவது பாடம் வருவதுண்டு. நடைமுறையில் மைனருக்கு நெருக்கமானது, ஆனால் அதைப் பொதுவாகச் சேரும்போதே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மைனர் இல்லாத பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் நீண்ட காலம் மைனர் தந்ததில்லை. அங்கே படித்து வந்தவர்களுக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

உள்ளே அடங்கும் மைனர், மேலே ஏறும் மைனர்

அறிவுரை சொல்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

எல்லா மைனரும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை அல்ல. யுஜிசி கட்டமைப்பில் மைனருக்கான 24 அல்லது 32 கிரெடிட் டிகிரியின் மொத்தத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த இடம் உங்களுக்காக ஏற்கெனவே ஒதுக்கப்பட்டது. அங்கே "மைனர் எடுக்கலாமா?" என்ற கேள்விக்கே பெரிய அர்த்தமில்லை. எதில் எடுப்பது என்பதுதான் கேள்வி.

பி.டெக். மாணவர்களுக்கு நிலைமை வேறு. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் மாதிரிப் பாடத்திட்டத்தில் டிகிரிக்கு 160 கிரெடிட். மைனர் வேண்டுமென்றால் அதற்கு மேலே இன்னும் 18 முதல் 20 கிரெடிட் எடுக்க வேண்டும். இது பெட்டிக்குள் இடம் கண்டுபிடிக்கிற வேலை இல்லை, தோளில் இன்னொரு பை. அந்தப் பாடங்கள் வழக்கமான வகுப்புகள் முடிந்த பிறகோ, விடுமுறையிலோ, ஆன்லைனிலோ நடக்கும். சோர்வோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டிய மைனர் இது.

நெதர்லாந்தில் மூன்றாவது வடிவம். பல பல்கலைக்கழகங்களில் மூன்றாம் வருடத்தின் ஒரு செமஸ்டரையே, 30 ஐரோப்பியக் கிரெடிட்டை, மைனருக்கு என்று காலியாக விட்டுவிடுவார்கள். அதே இடத்தில் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் போய்ப் படித்துவிட்டும் வரலாம். அதனால் அங்கே மைனருக்குப் போட்டி வேறு பாடங்கள் இல்லை, வெளிநாட்டுப் பயணம்தான்.

அமெரிக்க முறையில் இடம் ஒதுக்கவும் இல்லை, மேலே ஏற்றவும் இல்லை. எலெக்டிவ் என்று பொதுவாக விட்டுவிடுகிறார்கள், அதில் மைனரைப் பொருத்திக்கொள்வது உங்கள் பாடு. பொருந்தினால் உள்ளே, பொருந்தாவிட்டால் கூடுதல் செமஸ்டர்.

ஆக, உங்கள் பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் முதலில் தேட வேண்டியது ஒரே வரிதான்: மைனரின் கிரெடிட் டிகிரி மொத்தத்துக்குள் வருகிறதா, அதற்கு வெளியே நிற்கிறதா? சீனியர் சொன்ன அனுபவம் உங்களுக்குப் பொருந்துமா என்பதும் இந்த ஒரு வரியைப் பொறுத்தது. வேறு பல்கலைக்கழகத்தில் படிக்கிற அக்கா "ஈஸியா முடிச்சுட்டேன்" என்று சொல்லும்போது, அவர் எந்த வகை மைனரை முடித்தார் என்று கேளுங்கள்.

நாலு என்று நினைத்தது ஆறானது எப்படி

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆளும் பாடங்களும் கற்பனை, ஆனால் விதிகள் பல இடங்களிலும் இருப்பவைதான்.

பொருளாதாரம் மேஜர் படிக்கும் ஒரு மாணவி. டிகிரிக்கு 40 பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட், எட்டு செமஸ்டர், செமஸ்டருக்கு 5. நான்கு செமஸ்டர் முடிந்துவிட்டது. இனி எடுக்க வேண்டிய 20 பாடத்தில் மேஜருக்கும் கட்டாயத்துக்கும் 11 போக, எலெக்டிவ் 9 மிச்சம். புள்ளியியலில் மைனர் எடுக்கலாமா என்று யோசிக்கிறாள்.

மைனருக்கு 6 பாடம். அறிமுகப் புள்ளியியல், லீனியர் அல்ஜிப்ரா, நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல், அப்புறம் துறைப் பட்டியலிலிருந்து ஏதாவது 2. அறிமுகப் புள்ளியியலை மேஜருக்காக ஏற்கெனவே முடித்துவிட்டாள். அந்த 2 விருப்பப் பாடத்தில் ஒன்றாக எகனாமெட்ரிக்ஸை (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) வைக்கலாம், அதுவும் மேஜரில் வரப்போகிறது. "ஆறில் ரெண்டு கையில இருக்கு, நாலுதானே" என்று தோன்றும். சரி, பார்ப்போம்.

முதல் முட்டுக்கட்டை இரட்டைக் கணக்கு. ஒரே பாடத்தை மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்துக் காட்டுவதுதான் இரட்டைக் கணக்கு. பெரும்பாலான இடங்களில் இதற்கு உச்சவரம்பு உண்டு. இவள் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். அறிமுகப் புள்ளியியலைக் காட்டிவிட்டால் எகனாமெட்ரிக்ஸைக் காட்ட முடியாது. அதற்குப் பதில் வேறொன்று. நாலு இப்போது ஐந்து.

இரண்டாவது, முன்தேவைப் பாடம். ஒரு பாடத்தில் உட்கார வேண்டுமென்றால் அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய பாடம் அது. நிகழ்தகவு வகுப்புக்கு கால்குலஸ் இரண்டாம் நிலை வேண்டும். பொருளாதார மேஜர் கேட்டது முதல் நிலையை மட்டும். மைனரின் பட்டியலில் கால்குலஸ் எங்கேயும் எழுதியிருக்காது, ஆனால் அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. ஐந்து இப்போது ஆறு.

மூன்றாவது, வரிசை. ஐந்தாம் செமஸ்டரில் கால்குலஸ், ஆறாவதில் நிகழ்தகவு, ஏழாவதில் கணிதப் புள்ளியியல், அதை முடித்தால்தான் எடுக்க முடிகிற விருப்பப் பாடம் எட்டாவதில். லீனியர் அல்ஜிப்ராவையும் இன்னொரு விருப்பப் பாடத்தையும் நடுவில் எங்காவது சொருகிக்கொள்ளலாம். ஆனால் அந்த நாலு பாடச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஒன்பதாவது செமஸ்டர்தான். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும், வருடத்துக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் பாடம் மேஜர் வகுப்போடு நேரத்தில் மோதினாலும் அதே கதி. இதே மாணவி ஆறாம் செமஸ்டரில் யோசிக்க ஆரம்பித்திருந்தால் எட்டாவதுக்குள் முடிக்கவே முடியாது.

ஆக, 9 எலெக்டிவில் 6 போய், மிஞ்சுவது 3. மைனரின் உண்மையான அளவு பட்டியலில் இருக்கும் எண் அல்ல. அது உங்கள் மேஜரையும், இதுவரை நீங்கள் முடித்ததையும் பொறுத்தது. அதே மைனர் கணித மேஜர் மாணவருக்கு ஐந்து பாடத்தில் முடியலாம், இலக்கிய மாணவருக்கு எட்டாகலாம்.

மொழி மைனர்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பல துறைகளில் ஆரம்ப நிலை வகுப்புகள் மைனர் கணக்கில் சேராது, இடைநிலையிலிருந்துதான் எண்ணுவார்கள். பள்ளியில் ஜப்பானிய மொழி படித்து வந்தவருக்கும் எழுத்திலிருந்து தொடங்குபவருக்கும் ஒரே பட்டியல்தான் கையில் இருக்கும், ஆனால் நடக்க வேண்டிய தூரம் ஒன்றல்ல.

பெயருக்கு மட்டும் எத்தனை பாடம்?

கணக்கு வந்தாயிற்று. முடிவு எடுப்பது எப்படி?

அந்த 6 பாடத்தை இரண்டாகப் பிரியுங்கள். மைனர் என்ற பெயரே இல்லாவிட்டாலும் எடுத்திருப்பேன் என்பவை ஒரு பக்கம். பெயர் கிடைப்பதற்காக மட்டும் எடுப்பவை மறுபக்கம். நம் மாணவிக்குப் பொருளாதார ஆராய்ச்சியில் நாட்டம் இருக்கிறது என்று வையுங்கள். கால்குலஸ், லீனியர் அல்ஜிப்ரா, நிகழ்தகவு, கணிதப் புள்ளியியல் நான்கும் அவளுக்கு எப்படியும் வேண்டும். பொருளாதாரத்தில் பிஎச்.டி.க்கு ஆள் எடுக்கும் துறைகள் இந்த வகைக் கணிதத்தைத் தேடிப் பார்க்கும். அப்படியானால் பெயருக்கு மட்டும் எடுப்பவை இரண்டு விருப்பப் பாடங்கள். அவளுக்கு மைனரின் விலை ஆறு பாடம் இல்லை, இரண்டுதான். எடுத்துவிடலாம்.

அதே மாணவிக்கு நோக்கம் வேறாக இருந்தால்? தரவைப் பார்த்து நிதானமாகப் பேசத் தெரிய வேண்டும், அலுவலக வேலைக்குப் போதும், அவ்வளவுதான் என்றால் அவளுக்கு வேண்டியது எகனாமெட்ரிக்ஸும், ஏதாவது ஒரு தரவு ஆய்வுப் பாடமும். பட்டியலில் அவளுக்கு உண்மையிலேயே உபயோகப்படுவது ஒன்று. மிச்சம் ஐந்தும் பெயருக்காக. ஐந்து பாடம் என்றால் என்ன? 3 கிரெடிட் பாடத்துக்கு, அமெரிக்க அளவுப்படி, வாரத்துக்கு வகுப்பில் 3 மணி நேரம், வெளியே 6. செமஸ்டருக்கு 135 மணி நேரம். ஐந்துக்கு 675. பதிவில் ஒரே ஒரு வரிக்காக 675 மணி நேரம் கொடுப்பதா என்று இப்போது கேட்டுப் பாருங்கள். "மைனர் நல்லதா?" என்று கேட்டபோது வராத பதில் இப்போது தானாக வரும்.

அந்த நேரம் வேறு எதற்குப் போயிருக்கும் என்பதையும் வாயால் சொல்லிப் பாருங்கள். இன்டர்ன்ஷிப், ஒரு பேராசிரியரோடு செய்யும் ஆய்வு, மேஜரிலேயே கடினமான ஒரு முதுநிலைப் பாடம், பகுதி நேர வேலை, தூக்கம்கூட. மைனருக்கு எதிரே 'சும்மா இருத்தல்' மட்டும்தான் இருக்கிறது என்றால் மைனர் எடுப்பதே மேல். பெரும்பாலும் எதிரே அதைவிட நல்லது ஒன்று காத்துக்கொண்டிருக்கும்.

சுருக்கமாக: ஒரு மைனரின் விலை, அதன் பெயருக்காக மட்டும் நீங்கள் எடுக்கும் பாடங்கள். இரண்டு வரை இருந்தால் பெரிதாக யோசிக்க வேண்டாம். நாலைத் தாண்டினால், அந்தப் பெயர் உங்களுக்கு ஏதாவது கதவைத் திறக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

யார் பார்க்கிறார்கள்?

கதவைத் திறக்கும் இடங்கள் உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு.

மைனர் பெரும்பாலும் எழுதப்படுவது டிரான்ஸ்கிரிப்டில், அதாவது நீங்கள் படித்த பாடங்களையும் மதிப்பெண்களையும் காட்டும் அதிகாரப்பூர்வப் பட்டியலில். சுவரில் மாட்டும் டிகிரிச் சான்றிதழில் பல இடங்களில் வராது. இதைக் கேட்டு ஏமாந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பரிசீலிப்பவர்கள் டிரான்ஸ்கிரிப்டை வரிவரியாகப் பார்ப்பார்கள். வேறு துறையிலிருந்து கணினி அறிவியல் முதுநிலைக்கு வருபவரிடம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், டிஸ்கிரீட் கணிதம் இருக்கிறதா என்றுதான் தேடுவார்கள். மைனர் இருந்தும் இவை இல்லாவிட்டால் பயனில்லை. இவை இருந்து மைனர் இல்லாவிட்டால் குறையுமில்லை. அமெரிக்க மருத்துவப் படிப்புக்கும் இதே கதைதான். மேஜர் எதுவாக இருந்தாலும் உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும், அதற்கு மைனர் என்று தனியாக ஒன்றும் தேவையில்லை.

வேலைக்கு ஆள் எடுப்பவர் பார்ப்பது விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை, அதுவும் அவசரமாக. அங்கே மைனர் என்பது ஒரு வரி. மேஜரிலிருந்து தெரியவராத ஒன்றை அந்த வரி சொன்னால் மதிப்பு உண்டு. வரலாறு மேஜர், புள்ளியியல் மைனர் என்றால் நிமிர்ந்து பார்ப்பார்கள். கணினி அறிவியல் மேஜர், டேட்டா சயின்ஸ் மைனர் என்றால், அது ஏற்கெனவே தெரிந்த சங்கதிதானே என்று தாண்டிப் போவார்கள். இது என் அபிப்பிராயம்தான், ஆனால் மேஜருக்கு ரொம்ப நெருக்கமான மைனரை எடுக்கத் துடிப்பவர்களிடம் நான் எப்போதும் கேட்பது இதைத்தான்: இந்த வரி உங்களைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லப்போகிறது?

பெயருக்கே நேரடிப் பயன் தரும் இடம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சில துறைகளில் இடம் குறைவு. மேஜர் மாணவர்களுக்கு முதலில், மைனராகப் பதிவு செய்தவர்களுக்கு அடுத்து, மற்றவர்களுக்கு மிச்சமிருந்தால். கணினி, ஓவியம், இசை, திரைப்படம் போன்ற துறைகளில் இப்படி நடப்பதுண்டு. அங்கே மைனர் என்பது வகுப்பறைக்கு நுழைவுச்சீட்டு. பட்டியலைப் பார்த்துத் தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று முன்னால் சொன்னேனே, அது இந்த மாதிரித் துறைகளில் நடக்காது.

எப்போது, எப்படி முடிவெடுப்பது?

முதல் வருடத்தில் முடிவெடுக்கத் தேவையில்லை. ஆனால் முதல் வருடத்தில் ஒரு பாடத்தைத் தொட்டுப் பார்க்கத் தேவை இருக்கிறது, மேலே பார்த்த சங்கிலியின் காரணமாக. நீளமான வரிசை உள்ள துறை என்றால், கணிதமோ மொழியோ இசையோ, அடிப்படைப் பாடத்தைச் சீக்கிரம் முடித்து வைத்துவிட்டால் முடிவைப் பிறகு நிதானமாக எடுக்கலாம். வரிசையே இல்லாத துறைகளும் உண்டு. சமூகவியலிலோ வரலாற்றிலோ பாடங்களைப் பெரும்பாலும் முன்பின்னாக எடுக்கலாம், மூன்றாம் வருடத்தில் யோசித்தாலும் கெட்டுப் போகாது.

பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துகொள்ள அறிமுக வகுப்பை மட்டும் நம்பாதீர்கள். அறிமுக வகுப்பு எந்தத் துறையிலும் சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆள் சேர்ப்பதற்காகவே கட்டியது அது. மனோதத்துவத்தில் கனவு, நினைவு, மனநோய் என்று முதல் செமஸ்டர் ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது பாடத்தில் ஆய்வு முறையும் புள்ளியியலும் வந்து நிற்கும். ஆகவே பட்டியலின் கடைசி இரண்டு பாடங்களின் சிலபஸை எடுத்து, வாராவாரம் என்ன படிக்கிறார்கள், என்ன எழுதச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதைப் படிக்கும்போதே கொட்டாவி வந்தால் அந்த மைனர் உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம், ஒரு தாளில் மிச்ச செமஸ்டர்களைக் கட்டம் கட்டி எழுதுங்கள். மேஜர் பாடங்கள் முதலில். பிறகு மைனரின் சங்கிலி. கட்டம் முடியும்போது எல்லா செமஸ்டரும் நிரம்பி வழிந்தால் அது திட்டமல்ல, வேண்டுதல். ஒரு இடமாவது காலியாக இருக்க வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு துறையின் ஆலோசகரைப் பாருங்கள். இரட்டைக் கணக்கின் உச்சவரம்பு, மைனர் பாடங்களில் வாங்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண், எந்தப் பாடம் எந்த வருடம் நடக்காது என்பவை எல்லாம் இணையதளத்தில் இருப்பதைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கிரெடிட் வரம்பைத் தாண்டினால் தனிக் கட்டணம் உண்டா, உதவித்தொகை எட்டு செமஸ்டருக்கு மட்டும்தானா என்பதை நிதி அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் கடைசி வருடத்தில் முழிப்பவர்கள் நிறைய.

பாதியில் வேண்டாம் என்று தோன்றினால்? உள்ளே அடங்கும் எலெக்டிவ் வகை மைனரை விடுவது பொதுவாக எளிது. ஒரு படிவம், அவ்வளவுதான். படித்த பாடங்கள் எலெக்டிவாகவே கணக்கில் நிற்கும். நம் மாணவி நிகழ்தகவு வரை வந்துவிட்டு நிறுத்தினால் அவளுக்கு நிகழ்தகவு தெரியும், கிரெடிட்டும் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. பதிவு செய்த மைனரை முடிக்காவிட்டால் டிகிரியையே நிறுத்தி வைக்கும் விதி சில இடங்களில் இருக்கலாம். அதனால் பட்டமளிப்புக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, பதிவில் மைனர் நீங்கிவிட்டதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.